ஸ்பிரிங் கம்ப்ரஸர்: எந்தக் காருக்கு எது, எங்கே பிடிப்பது, எங்கே நழுவும்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்தின் பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் உள்ளே ஏதோ முறுக்கிக்கொண்டு விடுபடுவதுபோல் 'டொய்ங்' என்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "மவுண்டும் பேரிங்கும் போயிருக்கு, ஸ்ட்ரட்டைக் கழற்றணும்" என்கிறார். ஸ்ட்ரட் என்பது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு. மாற்ற வேண்டிய பாகம் உள்ளங்கை அகலம்தான். ஆனால் அதை எடுப்பதற்கு முன், அதன் கீழே அழுந்தி நிற்கும் சுருள் ஸ்பிரிங்கைக் கட்டிப்போட்டாக வேண்டும். அதற்கான கருவிதான் ஸ்பிரிங் கம்ப்ரஸர்.

இரண்டு திருகுக் கம்பிகள், நான்கு கொக்கிகள் என்று பார்வைக்கு எளிமையான கருவி. அதனாலேயே பலர் அதை ஸ்பேனர், ஜாக்கி வரிசையில் வைத்து, கைக்குக் கிடைத்ததை வாங்கிவிடுகிறார்கள். கார் பராமரிப்பில் கையால் செய்யும் வேலைகளில், ஒரு நொடியில் கையையோ முகத்தையோ உடைக்கக்கூடியவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. என்ன விசை, அது எங்கே நிற்கிறது, எந்த வழியாக வெளியே பாயும் என்பது புரிந்துவிட்டால் எந்தக் கருவி, எந்த வரிசை என்பது தானாகத் தெளிவாகும்.

ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது எது?

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்ஃபர்சன் 1947இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவமைப்பு இது. 1950இல் பிரிட்டன் ஃபோர்டு அறிமுகப்படுத்திய கான்சல், ஸெஃபிர் கார்களில் இடம்பெற்றது. நம் ஊரில் மாருதி 800 முதல் ஸ்விஃப்ட், ஐ20 வரை முன்சக்கரத்துக்கு இதே ஏற்பாடுதான்.

கீழிருந்து மேலாக அதன் அடுக்கு இப்படி:

1. ஸ்ட்ரட் குழாய். இதற்குள்தான் ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்). அடியில் உள்ள பிராக்கெட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு போல்ட் ஆகியிருக்கும்.
2. குழாயின் இடுப்பில் வெல்டிங் செய்த கீழ்த்தட்டு. ஸ்பிரிங்கின் அடிமுனை இதில் உள்ள படியில் முட்டி நிற்கும்.
3. ஸ்பிரிங். அதற்குள் ஷாக்கின் கம்பி, பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டை, டஸ்ட் கவர்.
4. மேல்தட்டு, அதன்மேல் பேரிங், அதன்மேல் ரப்பர் பதித்த மவுண்ட்.
5. இவை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு மேலே வரும் ஷாக் கம்பியின் உச்சியில் ஒரே ஒரு நட்டு. இதை நடு நட்டு என்று வைத்துக்கொள்வோம்.

பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையைப் பார்த்தால் இரண்டு வகை நட்டுகள் தெரியும். ஓரத்தில் இரண்டோ மூன்றோ சிறிய நட்டுகள், நடுவில் பெரிதாக ஒன்று. ஓர நட்டுகள் ஸ்ட்ரட்டை காரின் உடலோடு சேர்ப்பவை. அவற்றைக் கழற்றினால் ஸ்ட்ரட் முழுதாக, ஸ்பிரிங் அடங்கியபடியே கீழே இறங்கும், அதில் ஆபத்தில்லை. ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது நடு நட்டு. கம்ப்ரஸர் மாட்டாமல் அதைக் கழற்றினால், கடைசி மரை விடுபடும் கணத்தில் மவுண்ட், பேரிங், தட்டு எல்லாமே துப்பாக்கிக் குண்டுபோல் கிளம்பும். பானட்டுக்குள் குனிந்து வேலை செய்பவரின் முகம் சரியாக அந்த வழியில்தான் இருக்கும். இந்த இரண்டு வகை நட்டுகளைக் குழப்பிக்கொள்வது இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு.

எவ்வளவு விசை?

ஸ்பிரிங்கை 1 மி.மீ. அழுத்த எத்தனை நியூட்டன் விசை தேவை என்பதே அதன் விறைப்பு. 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவின் எடை. ஒரு சிறிய காரின் முன் ஸ்பிரிங்குக்கு விறைப்பு 20 நியூட்டன் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

தன் இயல்பான நீளத்திலிருந்து 100 மி.மீ. அழுந்தியிருந்தால் அது தள்ளும் விசை 2,000 நியூட்டன், அதாவது 200 கிலோ. அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் 100 ஜூல். இன்னும் 50 மி.மீ. அழுத்தினால் விசை 300 கிலோ ஆகிறது, ஒன்றரை மடங்கு. ஆற்றலோ 225 ஜூல், இரண்டேகால் மடங்கு. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் ஏறுவதால் இப்படி. 'கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவைத்தால் பாதுகாப்பு' என்று நினைத்து இறுக்கும் ஒவ்வொரு சுற்றும் ஆபத்தைத்தான் கூட்டுகிறது.

கனமான வண்டியில் விறைப்பு 35 நியூட்டன், அழுத்தம் 150 மி.மீ. என்றால் 525 கிலோ விசை, ஏறக்குறைய 390 ஜூல். 50 கிலோ சிமென்ட் மூட்டை 80 செ.மீ. உயரத்திலிருந்து விழும் ஆற்றல் அது. மூட்டை கனமானது, அதே ஆற்றலில் அதன் வேகம் குறைவு. ஸ்பிரிங்கோ இலகுவானது. சிறிய காரின் கணக்கில் வந்த 225 ஜூலும் 2 கிலோ எடையுள்ள ஒரு ஸ்பிரிங்குக்கே போனால் அது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் பாயும். உராய்வில் ஒரு பங்கு போகட்டும். மிச்சமே எலும்பை முறிக்கப் போதும்.

எல்லா ஸ்பிரிங்குக்கும் கம்ப்ரஸர் வேண்டுமா?

வேண்டாம். ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றின் பின்பக்கம் டார்ஷன் பீம் அமைப்பு, அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம். அங்கே ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும். உடலை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமை ஜாக்கியில் தாங்கி, இருபக்க ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்துவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும்.

இன்னோவா கிரிஸ்டா போன்ற டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும் அமைப்பு) வண்டிகளின் முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பு. அதை வெளியே எடுத்தபிறகு ஸ்ட்ரட்டுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்; ஸ்பிரிங் இன்னும் தடிமன், விசையும் கூடுதல். பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 போன்றவற்றில் ஸ்பிரிங், கீழ் ஆர்முக்கும் உடலுக்கும் நடுவே ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து கொக்கி போட இடமே இருக்காது. அதற்கு உள்ளே நுழைக்கும் வகைதான் சரி.

கருவி வகைகள்

கொக்கி வகை: இரண்டு தனித்தனித் திருகுக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் ஒரு கொக்கி. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். கவனமாகக் கையாண்டால் சிறிய காரின் நேரான ஸ்பிரிங்குக்குப் போதும். இதன் பலவீனம், இரண்டு கம்பிகளுக்கும் இடையே எந்த இணைப்பும் இல்லாதது. ஒன்று நகர்ந்தால் மற்றது தடுக்காது.

தட்டு வகை: சுருளின் வட்டத்துக்கேற்ப வளைந்த இரண்டு உலோகத் தட்டுகளை ஒரே திருகு நெருக்கும். ஒவ்வொரு தட்டும் சுருளின் பெரும்பகுதி வளைவைத் தாங்குவதால் ஸ்பிரிங் சுழன்று நழுவ வழி குறைவு. விலை கொக்கி வகையைவிடப் பல மடங்கு. ஸ்பிரிங் விட்டத்துக்கேற்பத் தட்டுகளும் மாற வேண்டும். மாதம் நான்கைந்து ஸ்ட்ரட் வேலை வரும் பட்டறை இதற்குக் கீழே எதையும் வாங்கக் கூடாது.

சுவரிலோ ஸ்டாண்டிலோ பொருத்தும் வகை: ஸ்ட்ரட்டை நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றியோ ஹைட்ராலிக் முறையிலோ அழுத்துவது. சுமை நேர்கோட்டில் இறங்கும், வேலை செய்பவர் பக்கவாட்டில் நிற்கலாம். இருப்பவற்றில் இதுவே பாதுகாப்பானது.

உள்ளே நுழைக்கும் வகை: ஸ்பிரிங்கின் நடுத்துளை வழியாகப் போகும் ஒரு திருகுத்தண்டும் சுருள்களுக்கிடையே செருகும் இரண்டு தட்டுகளும்.

வீட்டில் ஒரே ஒரு முறை இந்த வேலையைச் செய்யப் போகிறவர் கம்ப்ரஸர் வாங்கவே வேண்டியதில்லை. ஸ்ட்ரட்டைக் கழற்றுவது வரை தானே செய்துகொண்டு, ஸ்டாண்டு வகை வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய் மவுண்டை மட்டும் மாற்றி வாங்கிவரலாம். மலிவான கொக்கி செட் வாங்குவதைவிட அது புத்திசாலித்தனம்.

கொக்கி வகையை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. தாங்கும் சுமை கருவியிலோ அதன் தாளிலோ எழுதியிருக்க வேண்டும். அந்த அளவே இல்லாத கருவியை வாங்க வேண்டாம். நம் கணக்கில் வந்த விசையைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தாங்க வேண்டும்.
2. கொக்கியின் வாய் ஸ்பிரிங் கம்பியின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். கார் ஸ்பிரிங் கம்பி பொதுவாக 10 முதல் 14 மி.மீ. வரை. பெரிய வாயில் சிறிய கம்பி உருளும். சிறிய வாயில் பெரிய கம்பி நுனியில் மட்டும் தொற்றி நிற்கும்.
3. ஒரு கொக்கிக்கு இரண்டு நகங்கள் இருப்பது நல்லது. ஒற்றை நகம் சுருளை ஒரே புள்ளியில் தொடும். அங்கே அது கீல்போல் ஆடும்.
4. வாயை அடைக்கும் பூட்டு முள்ளோ போல்ட்டோ கட்டாயம். கம்பி நழுவினாலும் வாயைவிட்டு வெளியேறாமல் தடுக்கும் கடைசி அரண் அது. இது இல்லாத செட்டை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.
5. கொக்கி ஃபோர்ஜிங் ஆக, அதாவது சூடேற்றி அடித்து உருவாக்கியதாக இருக்க வேண்டும். வார்ப்பு இரும்பு வளையாமல், எச்சரிக்கை தராமல் உடையும்.
6. திருகுக் கம்பியின் மரை, சுமை இழுப்பதற்கான சதுரப்பாங்கான மரையாக இருந்தால் நல்லது. சாதாரண போல்ட்டின் கூர்மரை சீக்கிரம் தேயும்.

பட்டறைகளில் நீள ஸ்டட் கம்பியில் வளைத்த தகடுகளை வெல்டிங் வைத்து உருவாக்கிய கருவிகளைப் பார்க்கலாம். வெல்டிங் சூட்டில் அந்த இரும்பின் பலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு முறை தாங்கியது என்பதற்காக நூற்றியோராவது முறையும் தாங்கும் என்றில்லை. ஒவ்வொரு முறையும் வெல்டிங் ஓரத்தில் விரிசல் கொஞ்சம் வளர்ந்துகொண்டே இருக்கலாம்.

வேலை வரிசை

1. வண்டி தரையில் நிற்கும்போதே கேம்பர் போல்ட் (சக்கரத்தின் சாய்வை நிர்ணயிப்பது) இருக்கும் நிலையை நக்கிளில் பெயிண்ட்டால் குறித்துவையுங்கள். சில சர்வீஸ் மேனுவல்கள் நடு நட்டை இப்போதே கால் சுற்று தளர்த்தச் சொல்லும். மேனுவல் சொன்னால் மட்டும் செய்யுங்கள், கால் சுற்றுக்குமேல் போக வேண்டாம்.
2. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஸ்டெபிலைஸர் லிங்க் இவற்றை விடுவித்து, கீழ் போல்ட்டுகள், கடைசியாக ஓர நட்டுகள் என்று ஸ்ட்ரட்டை வெளியே எடுங்கள்.
3. ஸ்ட்ரட்டை வைஸில் பிடிக்கும்போது அடி பிராக்கெட்டைப் பிடியுங்கள். குழாயைப் பிடித்தால் நசுங்கி, உள்ளே பிஸ்டன் சிக்கும்.
4. ஸ்பிரிங்கை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து சுற்றிலும் பாருங்கள். விரிசலோ உடைந்த முனையோ இருந்தால் கொக்கி வகையைத் தொட வேண்டாம். உடைந்த சுருள் அழுத்தும்போது இடம் மாறும். அதற்குத் தட்டு வகையோ ஸ்டாண்டு வகையோ வேண்டும்.
5. மேல்தட்டு, கீழ்த்தட்டு, ஸ்பிரிங் மூன்றின் நிலையையும் ஒரே நேர்கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.
6. மரைக்குக் கிரீஸ் போடுங்கள். கொக்கியின் வாயிலும் அது தொடும் சுருளிலும் எண்ணெய்ப் பிசுக்கே இருக்கக் கூடாது.
7. இரண்டு கம்ப்ரஸரையும் நேரெதிராக, 180 பாகையில் மாட்டி, பூட்டு முள்ளைப் போடுங்கள். முடிந்தவரை அதிகச் சுருள்களை உள்ளடக்குங்கள்.
8. கை ஸ்பேனரால் இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். மரையின் இடைவெளி 2 மி.மீ. என்றால் ஒவ்வொரு முறையும் 4 மி.மீ. நகரும். அதற்குமேல் வித்தியாசம் விழ விடாதீர்கள்.
9. மேல்தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 5 மி.மீ. அளவு இடைவெளி தெரிந்து, மேல்தட்டு கையால் சுழன்றால் போதும். அங்கேயே நிறுத்துங்கள்.
10. ஷாக் கம்பியின் உச்சியில் உள்ள ஆலன் குழியில் கீயைப் போட்டு, ரிங் ஸ்பேனரால் நடு நட்டைக் கழற்றுங்கள். கம்பியை பிளையரால் பிடித்தால் குரோம் பூச்சில் கீறல் விழும். அந்தக் கீறல் ஆயில் சீலைக் கிழித்துவிடும். புது ஷாக் சில வாரங்களிலேயே கசியத் தொடங்குவதற்கு இது அடிக்கடி காரணம்.

இந்த நேரம் முழுக்க ஸ்ட்ரட்டின் இரண்டு முனைகளுக்கும் நேராக யாரும் நிற்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை கட்டாயம். சுருள்களுக்கு நடுவே விரல் போகவே கூடாது.

நழுவுவது ஏன்?

கருவி உடைவதைவிட நழுவுவதே அதிகம் நடக்கும். ஸ்பிரிங் என்பது ஒரு சரிவுப் பாதை. கம்பி ஏறிக்கொண்டே சுற்றுகிறது. கொக்கி அதன்மேல் சுமையோடு நிற்கும்போது சரிவில் வழுக்கிப்போகும் உந்துதல் எப்போதும் இருக்கும். உராய்வு மட்டுமே அதைத் தடுக்கிறது. எண்ணெய் பட்டாலோ பெயிண்ட் உரிந்தாலோ அந்த உராய்வு போய்விடும்.

கம்பிகள் நேரெதிராக இல்லாமல் ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் சுருங்கும். ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் வாழைப்பழம்போல் வளைந்து வெளியே தள்ளும். வளையத் தொடங்கியதைக் கண்டால் 'இன்னும் ரெண்டு சுற்றுதானே' என்று தொடராதீர்கள். பின்னோக்கித் தளர்த்தி, திரும்ப மாட்டுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. நேரெதிராக மாட்டினாலும் ஒரு பக்கக் கொக்கிகள் மறுபக்கத்தைவிட அரைச் சுற்று உயரத்தில்தான் நிற்கும். சுருளின் சரிவு அப்படி. அதைச் சமன் செய்ய முயல வேண்டாம். ஒவ்வொரு கம்பியிலும் மேல்கொக்கிக்கும் கீழ்கொக்கிக்கும் உள்ள தூரம் சமமா, இரண்டும் ஒரே எண்ணிக்கைச் சுருள்களைப் பிடித்திருக்கின்றனவா என்று பார்ப்பதே சரியான அளவு.

சில கார்களில் பக்கவாட்டு விசையைச் சமாளிக்க ஸ்பிரிங்கையே வளைவாகச் செய்திருப்பார்கள். வேறு சிலவற்றில் நடு பெருத்து, முனைகள் சிறுத்த பீப்பாய் வடிவம். பீப்பாயில் கொக்கி சிறிய விட்டத்தை நோக்கிச் சரியும். இரண்டுக்குமே தட்டு வகைதான் ஏற்றது.

இம்பாக்ட் கன் (நட்டை அதிவேகமாகச் சுழற்றும் இயந்திரம்) இந்த வேலைக்குக் கூடவே கூடாது, அதில் சமரசமே வேண்டாம். வேகமாகச் சுழலும்போது மரை சூடேறி, கிரீஸ் ஓடிவிடும், உலோகம் உலோகத்தோடு ஒட்டும். திருகுக் கம்பியைத் துடைத்துப் பார்த்தால் துணியில் வெள்ளி நூல்போல் பொடி ஒட்டும். அது மரை அரிந்துகொண்டிருப்பதன் அடையாளம். அந்தக் கருவியை அன்றோடு ஒதுக்கிவிட வேண்டும். தவிர, கன்னில் இறுக்கும்போது ஒரு பக்கம் எத்தனை சுற்று போனது என்றே தெரியாது. கொக்கி சரியத் தொடங்கும்போது வரும் மெல்லிய 'டிக்' சத்தமும் காதில் விழாது.

ஜி.ஐ. கம்பி, கயிறு, ராட்செட் பெல்ட் போன்றவற்றால் ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டு நட்டைக் கழற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அவை இந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல. கம்ப்ரஸருக்கு மேல் கூடுதல் காப்பாகச் சுருள்களைச் சுற்றி ஒரு சங்கிலி போட்டுக்கொள்ளலாம். கம்ப்ரஸருக்குப் பதிலாக ஒருபோதும் கூடாது.

திரும்பப் பொருத்தும்போது

புது ஸ்பிரிங் போடுவதாக இருந்தால், பழையதைக் கம்ப்ரஸரோடு அப்படியே தரையில் கிடத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மெதுவாக, மாறி மாறி, முழுவதும் தளர்த்திவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும். பழையது உட்கார்ந்துபோயிருப்பதால் புதியது நீளமாக இருக்கும், கூடுதலாக அழுத்த வேண்டிவரும். அதற்குப் போதிய நீளம் திருகுக் கம்பியில் மிச்சமிருக்கிறதா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், மேல்தட்டு, பேரிங், மவுண்ட் என்று பழைய வரிசையில் அடுக்கி, நடு நட்டைப் புதியதாகப் போட்டு மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அதன்பிறகே கம்ப்ரஸரைத் தளர்த்த வேண்டும். தளர்த்தும்போது ஸ்பிரிங்கின் அடிமுனை கீழ்த்தட்டின் படியில் சரியாக முட்டுகிறதா என்று பாதி வழியில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். முழுச் சுமை ஏறியபிறகு அதைத் திருப்ப முடியாது. கொக்கியைத் தட்டுக்கு மிக அருகில் மாட்டியிருந்தால் ஸ்பிரிங் விரியும்போது அது நடுவில் மாட்டிக்கொள்ளும். மாட்டும்போதே, கழற்ற இடம் இருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

கொக்கி பதிந்த இடங்களில் ஸ்பிரிங்கின் பூச்சு உரிந்திருந்தால் உடனே துருத்தடுப்புப் பெயிண்ட் பூசுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்தச் சிறு கீறலில் நுழைந்து துருவாகும், துரு விரிசலாகும். ஒருநாள் ஏதோ ஒரு பள்ளத்தில் ஸ்பிரிங் அங்கேயே உடையும்.

ஸ்ட்ரட்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன் மவுண்டைக் கையால் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பேரிங் தடையில்லாமல் சுழல வேண்டும். தடுக்கிச் சுழன்றால் அடுக்கில் ஏதோ தலைகீழாகப் போயிருக்கிறது. அந்த 'டொய்ங்' சத்தம் திரும்ப வரும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டியவை. சக்கரம் தரையில் இறங்கியபின் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.